நலம் நான்கு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சொட்டக்கா என்று பெயர். முதலில் வைத்தது யாரென்று தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது. பதினாறு வருஷமாக ரத்தம் பிரிக்கிற வேலை. ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு மாற்றும்போது அவள் கையிலிருந்து ஒரு சொட்டு சிந்தி யாரும் பார்த்ததில்லை. கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். உறைபெட்டியின் கதவைச் சரியாகச் சாத்தாமல் போனவர்களுக்கு அன்றைய பொழுது நல்லபடியாகப் போகாது.

அங்கே ஆராய்ந்தது கல்லீரலில் குடியேறும் ஒரு வைரஸை. ஹெபடைட்டிஸ் பி என்று மருத்துவமனைச் சுவர்களில் எழுதியிருக்குமே, அதுதான். மற்ற வைரஸ்கள் உடம்புக்குள் நுழைந்தால், நுழைந்த செல்லே கூச்சல் போடும். இன்டர்ஃபெரான் என்கிற பொருள்தான் அந்தக் கூச்சல். அதைக் கேட்டு அக்கம்பக்கத்துச் செல்கள் கதவைச் சாத்திக்கொள்ளும், வெள்ளணுக்கள் ஓடிவரும். நமக்குக் காய்ச்சலும் மேல்வலியும் வருவது அந்தக் களேபரத்தில்தான். இந்த வைரஸோ பூனை மாதிரி உள்ளே வரும். கூச்சலே எழும்பாது. வந்து உட்கார்ந்த பிறகு தன்னுடைய வெறும் மேலுறைகளைக் கோடி கோடியாக ரத்தத்தில் கொட்டும். உள்ளே ஆளில்லாத சட்டைகள். பிடிக்க வருகிறவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ஆசாமி கல்லீரலில் கால் நீட்டிப் படுத்திருப்பான். இப்படி வருஷக்கணக்கில் அலைந்து அலுத்த அணுக்கள் கடைசியில் தங்கள் மேலேயே ஒரு பிரேக்கை முளைக்க வைத்துக்கொள்ளும். அதன்பிறகு வைரஸ் கண்ணெதிரே நின்றாலும் அவை கையைத் தூக்குவதில்லை.

அந்தப் பிரேக்கை அளப்பதுதான் வாலுவின் ஆராய்ச்சி. வாலு மூன்றாம் வருஷ ஆராய்ச்சி மாணவி. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது, பேச்சும் நிற்காது, அதனால் அந்தப் பெயர். நாளெல்லாம் “அக்கா, அக்கா” என்று சொட்டக்காவின் பின்னாலேயே அலைவாள். “உனக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டதே தண்டம்” என்று சொட்டக்கா திட்டுவாள். திட்டிவிட்டுத் தன் பிஸ்கட்டில் பாதியைக் கொடுப்பாள். சொட்டக்கா அடுக்கிக் கொடுக்கிற குழாய்களை வாலு ஒருநாளும் சரிபார்த்ததில்லை, அப்படியே வாங்கிக்கொள்வாள்.

நோயாளிகளின் ரத்தம் மருத்துவமனையிலிருந்து வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமே, அதற்குக் கூடத்து ஆட்களே ஆறு பேர் கையை நீட்டினார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு திங்கட்கிழமை, மூன்று தடவை. பெயர் எழுதக் கூடாது. நலம் ஒன்று, நலம் இரண்டு என்று எண்கள்தான். எந்த எண் யாருடையது என்கிற பட்டியல், கூடத்தின் தலைவியான மேடத்தின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சொட்டக்கா நலம் நான்கு. ஆறு பேரும் வேலைக்குச் சேர்ந்தபோதே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள், ஆகவே ஆறு பேரும் நலம் என்று முடிவாயிற்று. யார் யார் ரத்தத்தையோ அலசிப் பார்க்கிற கூட்டம், தன் ரத்தத்தை ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை. படித்தவர்கள் செய்கிற மடத்தனம் இப்படித்தான் இருக்கும்.

முதல் தடவை ரத்தம் கொடுத்து மூன்று வாரம் கழித்து, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ரத்ததான முகாம் நடந்தது. சொட்டக்கா போய்ப் படுத்தாள், கொடுத்தாள், பழச்சாறு குடித்தாள். பத்தாம் நாள் ரத்த வங்கியிலிருந்து தொலைபேசி வந்தது. நேரில் வாருங்கள் என்றார்கள். போனாள். அங்கிருந்த டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டினார். அவள் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டிருந்தாள்.

பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஏற்கெனவே உள்ளே இருப்பவனுக்குத் தடுப்பூசி என்ன செய்யும், ஒன்றும் செய்யாது. கல்லீரல் நன்றாக இருக்கிறது, வைரஸ் அடங்கிக் கிடக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றார். நாற்பத்தோரு வருஷமாக வாடகை கொடுக்காமல் ஒருத்தன் குடியிருந்திருக்கிறான், வீட்டுக்காரிக்கு இப்போதுதான் தகவல்.

அன்று சாயங்காலமே கணவனிடம் சொல்லிவிட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸோடு சமையலறை வாசலில் நின்று முழுக்கக் கேட்டான்.

“அப்போ உன் உடம்பு இத்தனை வருஷமா கண்டுக்கவே இல்லையா?”

“கண்டுக்காம இருக்கிற மாதிரி அது பண்ணி வச்சிருக்கு.”

“எங்களுக்கும் உண்டு இது. லிஃப்ட்ல அலாரம் ஓயாம அடிச்சா, கட்டடத்து ஆளுங்களே ஒயரைப் பிடுங்கி விட்டுடுவாங்க. அப்புறம் உள்ள மாட்டினவன் அமுக்கு அமுக்குன்னு அமுக்குவான், ஒருத்தருக்கும் கேக்காது.” கையைத் துடைத்துக்கொண்டான். “நான் எங்க போய் டெஸ்ட் பண்ணணும், சொல்லு. நாளைக்கே போயிட்டு வந்துடறேன்.”

போனான். அவனுக்கு ஒன்றுமில்லை, ஊசி போட்டுக்கொண்டான். விஷயம் அதோடு முடிந்தது என்பது போல விசிலடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

கூடத்தில்தான் சொல்ல முடியவில்லை. காரணம் வேறு யாரும் இல்லை, அவளேதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நோயாளி, தையல் வேலை பார்க்கிற அம்மாள், ரத்தம் கொடுக்கக் கூடத்துக்கே வந்திருந்தார். கொடுத்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர் மாடிப்படி இறங்குவதற்குள் சொட்டக்கா அவர் உட்கார்ந்த நாற்காலியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். கை, முதுகு, நாலு கால், எதையும் விடவில்லை. நாற்காலியால் இந்த வைரஸ் ஒட்டாது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் பத்துப் பேர் இருப்பார்களா என்பது சந்தேகம். தெரிந்தும் துடைத்தாள். கண்ணாடியை மறந்துவிட்டுப் போன அந்த அம்மாள் திரும்பி வந்து வாசலில் நின்று அதைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார். இப்போது அந்த நாற்காலியில் தான் உட்காரப் போகிறோம், யாரோ துடைக்கப் போகிறார்கள் என்று நினைத்தாலே சொட்டக்காவுக்கு உடம்பு கூசியது.

இரண்டாம் தடவை ரத்தம் எடுக்கிற திங்கட்கிழமை சளி என்று சொல்லித் தப்பித்தாள். “பரவாயில்லை, அடுத்த திங்கள் குடுங்க. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?” என்றார் மேடம். அடுத்த திங்கள் கொடுத்தாள். ஆறில் ஒன்றுதானே, சராசரியில் கரைந்துவிடும் என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டாள். மூன்றாம் தடவையும் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த ரத்தத்தைப் பிரித்து, நலம் நான்கு என்று லேபிள் ஒட்டி உறைபெட்டியில் வைத்ததும் அவள்தான்.

எல்லா ரத்தமும் சேர்ந்தபின் ஒரே நாளில் உருக்கி அளந்தார்கள். வாலு பெட்டியிலிருந்து குழாய்களை எடுத்தாள். சொட்டக்கா குழாய்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசிக்க வாசிக்க வாலு ஒவ்வொரு லேபிளையும் அவள் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். நலம் நான்கின் மூன்று குழாய்களையும் அப்படித்தான் காட்டினாள். சொட்டக்கா தலையாட்டினாள்.

முடிவு வந்தது. ஐந்து நலங்களின் அணுக்களும் வைரஸின் துண்டைக் காட்டியதும் துள்ளி எழுந்தன, தடுப்பூசி கற்றுக்கொடுத்த பாடம். நலம் நான்கின் அணுக்கள் அசையவில்லை. பிரேக் நோயாளிகளுக்கு இருக்கிற அதே உயரத்தில் நின்றது. மூன்று தடவையும் அப்படியே. சராசரியில் கரையவில்லை, சராசரியையே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மேடம் பொறுமைசாலி. இரண்டு வாரம் கணினியில் தேடினார், மருந்தைச் சந்தேகப்பட்டார், மெஷினைச் சந்தேகப்பட்டார். மூன்றாம் வாரம் மனுஷர்களிடம் வந்தார். நோயாளிகளின் பெட்டியும் நலப் பெட்டியும் உறைபெட்டியில் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை. வாலு பெட்டி மாற்றி எடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகப் பொருந்தியது. குழாய்களில் அணுக்களும் மிச்சமில்லை, மறுபடி அளக்க வழியில்லை. வெள்ளிக்கிழமை வாலுவின் ஆராய்ச்சியை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யக் குழு கூடுகிறது. மாதிரிகளைக் கையாள்வதில் கவனமில்லை என்று மேடம் ஒரு வரி எழுதினால் அவள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

புதன்கிழமை காலையில் மேடம் கூடத்தின் நடுவிலேயே நின்று கேட்டார். வாலு இரண்டடி தள்ளி நின்றாள்.

“நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க. பெட்டி மாறியிருக்க வாய்ப்பு இருக்கா?”

சொட்டக்காவுக்கு மூன்று லேபிள்களும் கண்ணெதிரே வந்து நின்றன. அவளே எழுதிய எழுத்து. இல்லை மேடம் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்து அலமாரி திறக்கும். அவள் சொன்னாள்.

“இருக்கலாம் மேடம்.”

சொன்ன குரல் அவளுடையது போலவே இல்லை, சாதாரணமாக இருந்தது. வாலு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். கோபப்படவில்லை, மறுத்துப் பேசவும் இல்லை. வாய் ஓயாத பெண் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. சொட்டக்கா பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, பாதியை நீட்டக் கை வராமல், முழுவதையும் மேஜை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. “என்னாச்சு, உடம்பு ஏதாவது பண்ணுதா?” என்று கணவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை என்றாள். வைரஸ் இருப்பதை அதே சமையலறையில் நின்று சொல்லிவிட்டவளால் இதைச் சொல்ல முடியவில்லை. உடம்பில் வந்தது அவள் செய்தது இல்லை. இது அவள் செய்தது. அவமானம் என்றால் மற்றவர்கள் பார்க்கும்போது வருவது என்று நாற்பத்தோரு வயது வரை நினைத்திருந்தாள். யாருமே பார்க்காதபோதும் அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்று இப்போது தெரிந்தது. வியாழக்கிழமை விடுப்பு எடுத்துவிட்டு வீட்டை இரண்டு முறை பெருக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே கூடத்துக்குப் போனாள். குழு பதினொரு மணிக்கு. வாலு உள்ளறையில் தனியாக மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொட்டக்கா கதவைச் சாத்திவிட்டு, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்.

“நலம் நாலு நான்தான். எனக்கு அந்த வைரஸ் இருக்கு. நாலு மாசமா தெரியும்.”

வாலு துடைப்பதை நிறுத்தவில்லை.

“எனக்கும் தெரியும்க்கா.”

“எப்படி?”

“அணுக்கள் தீந்துபோச்சு, ஆனா பிரிச்சப்போ எடுத்த பிளாஸ்மா மிச்சம் இருந்துச்சுல்ல. நலம் நாலோடத எடுத்து வைரஸ் இருக்கான்னு டெஸ்ட் பண்ணேன். மூணு வாரம் ஆச்சு. இருக்குன்னு வந்துச்சு. யாருன்னு பாக்கணும்னு நான் நினைக்கல. ஆனா ரெண்டாவது தடவை எல்லாரும் ஒரே நாள்ல குடுத்தப்போ, நலம் நாலு மட்டும் அடுத்த திங்கள்னு தேதி போட்டிருந்துச்சு. அன்னிக்குக் கையில பஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்தது நீங்க மட்டும்தான்.”

“மேடம்கிட்ட ஏன்டி சொல்லல?”

“சொல்லக் கூடாதேக்கா. ரத்தம் குடுத்தவங்க யாருன்னு தெரிஞ்சாலும் தெரியாத மாதிரிதான் இருக்கணும்னு விதியில போட்டிருக்கே. நான் கையெழுத்துப் போட்ட அன்னிக்கு நீங்கதானே வாசிச்சுக் காட்டினீங்க.” துணியை மடித்து ஓரமாக வைத்தாள். “நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். தினமும் காலைல வரும்போது, இன்னிக்குச் சொல்லிடுவாங்கன்னு நினைச்சிட்டு வருவேன். புதன்கிழமை மேடம் கேட்டப்போகூட, சரி, இப்போ சொல்லிடுவாங்கன்னுதான் நினைச்சேன்.”

சொட்டக்கா கைப்பையை மேஜையில் வைத்தாள்.

“நீங்க இருக்கலாம்னு சொன்னீங்க. அப்போ இவங்களுக்கு ரொம்பப் பயம் போலன்னு புரிஞ்சுச்சு. மத்தியானமே எழுதிக் குடுத்துட்டேன்.”

“என்னத்த?”

“பெட்டி மாத்தி எடுத்தது நான்தான்னு. நான் இல்லேன்னு பிடிவாதமா நின்னா மேடம் அலமாரியைத் திறந்து பட்டியலைப் பாத்திருப்பாங்க. பாத்தா உங்க பேரு வந்திருக்கும்.”

இருபத்தாறு வயது. வாடகை அறை, ஊரிலிருந்து மாதாமாதம் போன் செய்து எப்போது முடிப்பாய் என்று கேட்கிற அப்பா, மூன்று வருஷ உழைப்பு, அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். திட்டியிருந்தால் சொட்டக்கா தாங்கியிருப்பாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தரை வழக்கம்போலப் பளபளவென்று கெட்டியாகக் கிடந்தது.

“நீ சொல்லியிருக்கலாம் என்கிட்டயாவது” என்றாள். சொன்ன உடனே அதுவும் அந்தப் பெண்ணின் தலையில் போடுகிற பேச்சுதான் என்று உறைத்தது. மேற்கொண்டு பேசாமல் வெளியே வந்தாள்.

மேடம் தன் அறையில் குழுவுக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சொட்டக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முகாம், டாக்டர், அம்மாவிடமிருந்து வந்தது, தடுப்பூசி பலிக்காதது, தெரிந்த பிறகும் இரண்டு தடவை கொடுத்தது. கல்லீரல் நன்றாக இருப்பதையும், வேலையால் யாருக்கும் ஆபத்து இல்லை என்பதையும், எந்த விதியின்படி தன்னை வேலையிலிருந்து நீக்க முடியாது என்பதையும் சொன்னாள். நாலு மாதமாக மனசுக்குள் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்கள், ஒன்றுகூடத் தட்டவில்லை.

மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். “உக்காருங்க முதல்ல” என்றார். அவள் உட்கார்ந்ததும் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார்.

“நாம யாரும் நம்ம ரத்தத்தைச் சோதிக்காம விட்டது என் தப்பு. அதை நான் குழுவுல சொல்லிக்கிறேன். உங்க உடம்பைப் பத்தி இங்க யாருக்கும் தெரியவேண்டியதில்லை, நீங்களா சொன்னா ஒழிய.”

“சரிங்க மேடம்.”

“ஒண்ணு மட்டும் கேக்கணும். குழாயை அவ உங்களுக்குக் காட்டித்தானே எடுத்தா?”

“ஆமாம் மேடம். மூணையும் காட்டினா.”

“அப்புறம் ஏன் இருக்கலாம்னு சொன்னீங்க?”

இந்தக் கேள்விக்கு அவள் பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை.

“பயமா இருந்துச்சு மேடம்.”

“அவளுக்கு மட்டும் இல்லையா?” என்றார் மேடம். குரலை உயர்த்தவில்லை. வாலு எழுதிக் கொடுத்த தாளைக் கோப்பிலிருந்து உருவி இரண்டாகக் கிழித்தார்.

பதினொரு மணிக்குக் குழு கூடியது. நலம் நான்கு என்று கொடுத்தவர் தாமே வந்து தமக்குத் தொற்று இருப்பதைத் தெரிவித்துவிட்டார் என்று மேடம் சொன்னார். வாலுவுக்கு இரண்டு வருஷம் நீட்டித்தார்கள். அவளுடைய கையாள்தலில் குறையில்லை என்று அறிக்கையிலும் எழுதினார்கள். நலம் நான்கின் முடிவுகளையும் மிச்சமிருந்த பிளாஸ்மாவையும் என்ன செய்வதென்று மேடம் சொட்டக்காவிடம் எழுத்தில் அனுமதி கேட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவள் பயந்தது ஒன்றுகூட நடக்கவில்லை. நாலு மாதம் எதைக் கட்டிக் காத்தாளோ, அதை அரை மணி நேரத்தில் எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை மருத்துவமனையிலிருந்து புதிய ரத்தம் வந்தது. சொட்டக்கா பிரித்தாள், இருபத்து நான்கு குழாய்களில் நிரப்பினாள், லேபிள் ஒட்டினாள், தட்டில் வரிசையாக அடுக்கி வாலுவிடம் கொண்டுபோனாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“தேங்க்ஸ்க்கா” என்று வாலு சிரித்தபடியே வாங்கினாள். அந்தச் சிரிப்பில் குத்தல் ஒன்றும் இல்லை. தட்டை மேஜையில் வைத்தாள். பேனாவை எடுத்தாள். முதல் குழாயைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து லேபிளைப் படித்தாள், தன் பட்டியலோடு ஒப்பிட்டு ஒரு கோடு போட்டாள். பிறகு இரண்டாவதை எடுத்தாள்.

இருபத்து நான்கும் முடிகிறவரை சொட்டக்கா அங்கேயே நின்றாள்.